கரண்டி

கயிறு அவிழ்ந்ததும் எல்லோரும்
காரைப் பூட்டிவிட்டு மேல்தளம் வருவார்கள்
என்னிடம் காபி வாங்க, தொத்திறைச்சி வாங்க,
சன்னலோரம் பிடிக்க.
யோருன் மட்டும் வரமாட்டாள்.
கீழே, தன் நீல வோல்வோவுக்குள்
ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பாள்
ஓடாத வண்டியை ஓட்டுகிறவள்போல.

நார்வேயின் மலைகளுக்குள் விரல் நுழைத்த கடல் இது.
கரைக்குக் கரை இருபது நிமிடம்.
அக்கரை விளக்குகளை இங்கிருந்தே எண்ணலாம்.

மூன்றாம் மாதம் காபியை நானே கொண்டுபோனேன்.
ஆழம் தெரியாததால் வரும் பயம் என்றேன்
பெரிய மனுஷன்போல.
சிரித்துவிட்டாள்.
ஸ்தவாங்கரில், கடல் வரைபட அலுவலகத்தில் வேலை.
இந்த நீருக்கு எண்கள் எழுதியதே அவள்தான்.
கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னாள்:
"இப்போது எண்ணூற்றுப் பத்து.
இப்போது ஆயிரத்து நூறு.
உங்களுக்கு இது தண்ணீர்.
எனக்கு இது உயரம்."

பிப்ரவரியில் ஒருநாள்
நட்டநடுவில் எஞ்சின் நின்றுவிட்டது.
தகரத்தில் பனி விழுவதுகூடக் கேட்டது.
மூடிய காருக்குள் இருக்க முடியாமல்
மேலே வந்தாள் யோருன்,
கோட்டின் பொத்தான்கள் இடம் மாறி.
தாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.
என் சட்டைப்பையிலிருந்து காபிக் கரண்டி
கம்பிக்கு வெளியே நழுவியது.
சின்னதாய் ஒரு சத்தம்.
எனக்கு அத்தோடு முடிந்தது.

"விநாடிக்கு ஒரு மீட்டர் வைத்துக்கொள்," என்றாள்.
"இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது."

எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது.
ஒலிபெருக்கியில் ஐவிந்த் மன்னிப்புக் கேட்டான்.
நான் கோப்பைகள் கழுவினேன்
(விழுந்துகொண்டிருக்கிறது)
சில்லறை கொடுத்தேன்
(இருட்டில், திரும்பித் திரும்பி, தனியாக)
கரை வந்து சாய்பலகை இறங்கியது.
நீல வோல்வோ நகரவில்லை.
பின்னால் மீன் லாரிக்காரன் ஹார்னில் கையை வைத்தான்.
அவள் கைக்கடிகாரத்தையே பார்த்திருந்தாள்.
பிறகு கண்ணாடியை இறக்கி,
"தரை தொட்டிருக்கும்," என்றாள்.
மூச்சை விட்டாள்.
நானும் விட்டேன்,
அதுவரை அடக்கியிருந்தது தெரியாமலே.

சில வாரம் இப்போது மேலே வருகிறாள்.
கம்பியோரம் போகமாட்டாள்,
அடுப்புப் பக்கமாய் நின்று குடிக்கிறாள்.
சில வாரம் வருவதில்லை.
பிள்ளைகள் ஏதாவது வேண்டிக்கொண்டு
நாணயம் எறிந்தால்
எனக்கு வேலை ஓடுவதில்லை, கரை வரும்வரை.

சர்க்கரை கலக்க
மரக்குச்சிதான் வைத்திருக்கிறேன் கடையில்.
அது மிதக்கும்.