ஐந்தாம் எண் தண்ணீர்

டன்லீத் ஸ்பிரிங்ஸுக்கு
ரயில் வந்ததே தண்ணீர் குடிக்கத்தான்.
முதலில் எஞ்சின் குடித்தது.
பிறகு இறங்கின
கீல்வாதம், குன்மம், கல்லடைப்பு,
செயின்ட் லூயிஸ் வக்கீல் ஒருவரின் தூக்கமின்மை,
அதற்குக் குடை பிடித்தபடி அவர் மனைவி.

ஓட்டல் முதலாளி கார்னீலியஸ் டாப்
வெள்ளைப் பளிங்கில் ஏழு குழாய் பதித்திருந்தார்.
ஒன்று வயிற்றுக்கு.
இரண்டு கண்ணுக்கு.
மூன்று, பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது.
நான்கு ஈரலுக்கு, ஆறு ரத்தத்துக்கு.
ஏழுக்கு விலை அதிகம்,
எதற்கென்று பலகையில் எழுதவில்லை.
ஐந்து, துக்கத்துக்கு.

முட்டை அழுகிய வாடை.
மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள்.
நாறாத மருந்தை
யார் காசு கொடுத்து நம்புவார்?

முப்பத்தொன்றாம் வருஷம் மார்ச் உறைபனியில்
எங்கோ ஈயம் வெடித்து
ஏழும் ஒரே நாளில் வறண்டன.
(அப்போதே யாராவது யோசித்திருக்கலாம்.)
பிளம்பர் லெமுவேல் ஸ்ட்ரௌட்
பளிங்கைப் பெயர்த்து உள்ளே இறங்கினான்.

அவனுடைய கணக்குப் புத்தகம்
குடிநீர் அலுவலகத்தில், என் மேசையில் இருக்கிறது.
ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுக்க
யாரோ வைத்திருந்தார்கள்.
பென்சில் எழுத்து:
முழங்கை இணைப்பு இரண்டு.
ஈயம் நான்கு ராத்தல்.
ஏழு குழாய்க்கும் அடியில் ஒரே குழாய்.
ஒரே ஊற்றுக்கண்.
கூலி ஆறு டாலர்.

மேலே ஏறி வந்தவன்
கையைத் துடைத்துக்கொண்டு
யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு பக்கம் முன்னால்
ஜனவரி ஒன்பது என்று தேதி போட்டு
தொட்டில் விற்ற வரவு, ஒன்றரை டாலர்.
அன்றிலிருந்து அவன் மனைவி வெர்டா
தினமும் மூன்று மைல் நடந்துவந்து
வரிசையில் நின்றிருக்கிறாள்.
ஐந்தாம் குழாயில்.

அடுத்த பக்கம் ஒரே வரி:
ஐந்துக்குப் புது வாஷர். காசு வாங்கவில்லை.

பிற்பாடு ஓட்டலைத் தீ குடித்தது.
தண்ணீருக்குப் பேர்போன ஊரில்
அணைக்கத் தண்ணீர் ஏறவில்லை, அழுத்தம் போதாதாம்.
தண்டவாளத்தைப் பெயர்த்து எடைக்குப் போட்டார்கள்.
பளிங்கு, மெதடிஸ்ட் சர்ச் கழிப்பறையில் இருக்கிறது,
எண் நான்கு இன்னும் தெரியும்.

எங்கள் வரைபடத்தில் அந்த ஊற்றுக்கு
இன்றைய பெயர் 'கசிவு'.
டயர் கடையின் பின்புறம்,
பனி படியாத ஓரிடம்,
பூனைகள் அங்கேதான் படுக்கும்.
அடைக்கச் சொல்லி வருஷாவருஷம் உத்தரவு வரும்.
கீழ் இழுப்பறையில்
பதினோரு உத்தரவுகள் சேர்ந்திருக்கின்றன.

சென்ற வாரம்,
வீட்டுக்குப் போகப் பிடிக்காத ஒரு மாலையில்,
காகிதக் கோப்பையோடு போய்க் குந்தினேன்.
எத்தனையாம் எண் வேண்டும் என்று கேட்க
அங்கே யாருமில்லை.
மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.