கரைக்கோடு

வெள்ளிதோறும் அதே இரும்புக் கம்பம்,
அதே உயரத்தில் செல்போன்.
மழையை நம்பாத ஏரி இது:
அல் ஐன் குளித்து முடித்த தண்ணீர்
சுத்தமாகி வந்து சேரும் இடம்.

தையில் பூநாரைகள். கம்பம் பாதி நீருக்குள்.
பங்குனியில் புழுதி; படத்தில் கரையே இல்லை.
ஆடியில் போன் சூடேறி அணைந்துவிட்டது,
அந்த மாதத்துக்குப் படமில்லை.

ஐப்பசியில் கேம்ப் காலியானது.
எனக்கு மட்டும் வேறு கம்பெனி கிடைத்தது.
பிச்சைக்கனி தன் வாளியை
என் கட்டிலடியில் தள்ளிவிட்டுப் போனான்.

இந்த வெள்ளி
கம்பத்தைத் தாண்டி ஒரு வெள்ளைப் பட்டை,
உப்பு.
வெயில்தான் என்கிறான் காவலாளி,
கார்த்திகையில்.

செருப்பைக் கழற்றி
அடிமேல் அடி வைத்து அளந்தேன்.
ஏழு அடி.

நானூறு பேர் குளிக்காத அகலம்.