எட்டரை மணி வகுப்பு

குலசேகரத்தில் பதினொன்று; கார்கிவில் எட்டரை.
மெட்ரோ சுரங்கத்து நடைமேடையிலிருந்து
கலினா பெத்ரிவ்னா
தொடையெலும்புப் படத்தைத் தூக்கிக் காட்டுகிறார்.
பாடம் ஆங்கிலத்தில். இடையே 'கீஸ்த்கா' என்பார்;
பள்ளியில் இதை ருஷ்யனில்தான் எழுத விட்டார்களாம்.

தமிழ்ப் பள்ளிக்கூடம் கேட்டு
இங்கேயும் மறியல் நடந்தது என்று தட்டி,
எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் அழித்தேன்.

சைரன்.
அவர் குரலை உயர்த்தினார், அவ்வளவுதான்.
குரைத்தது எங்கள் நாய்.

ரப்பர் ஷீட் உலராத எடவப்பாதி மழை.
கட்டணத்தின் இரண்டாம் தவணையை
அப்பா பெயர் சொல்லாமல் 'அது' என்கிறார்.
இடி. கரண்ட் போனது.

விளக்கு எரிந்தபோது சாயங்காலம்.
சுரங்கத்திலிருந்து மூன்று செய்திகள்:
அஜினா, என்ன ஆயிற்று?
அஜினா?
பத்திரமாக இருக்கிறாயா?