நிறை பார்க்கும் நாள்

வாடை தொடங்கி மூன்றாம் கிழமை.
திருக்கடலூரில் படகுகள் எல்லாம்
வீதிக்கரை வரை ஏறிக் கிடக்கின்றன.
பள்ளிக்கூடத்துக்கு அன்று
பி.எச்.ஐ. ஐயாவும் அவருடைய தராசும் வந்திருந்தார்கள்.

தரம் இரண்டு, முப்பத்தொரு பிள்ளைகள்.
சப்பாத்துகளைக் கழற்றித் தராசைச் சுற்றிப் போட்டுவிட்டு
மேசின் ஓட்டையை மற்றக் காலால் மறைத்தபடி
வரிசையில் நின்றார்கள்.
எண்களை எழுதுவது என் வேலை.

போன தவணை இப்படி எழுதியதற்குத்தான்
'மெலிந்தோர்' என்று தலைப்பிட்டு
விறாந்தைச் சுவரில் ஒட்டினோம்.
கோட்டைப் பக்கமிருந்து வரும் மான் ஒன்று
அதன் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டது.
ஜெனுசனின் பெயர்
மேல்பாதியில் இருந்தது.

இன்று அவன் ஏறி நிற்கிறான்,
ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு.
பதினேழு தசம் ஆறு.
"பரவாயில்லையே, ஒரு கிலோவுக்கு மேல கூடிட்டான்"
என்கிறார் ஐயா.
எழுதினேன்.
சந்தோசமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

இறங்கும்போதுதான் சத்தம் கேட்டது.
சில்லறை இல்லை. சில்லறை என்றால் சிரிக்கும்.
இது தொக், தொக் என்று
தொடையில் இடிக்கிற சத்தம்.
கடற்கரைப் பிள்ளைகளோடு ஒன்பது வருசம் இருந்தவளுக்கு
அது என்னவென்று தெரியும்.

நூலக அறைக்குக் கூட்டிப்போனேன்.
ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான்:
வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள்,
உப்புப் பூத்துச் சாம்பல் நிறத்தில்.
ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன்தான் சொன்னான்.
"போனமுறை அம்மாவைக் கூப்பிட்டனீங்கள், டீச்சர்.
கருவாட்டு வாடியில அண்டைக்குச் சம்பளம் வெட்டிட்டாங்கள்.
அண்டைக்கு ராத்திரி..."
மிச்சம் தகரத்தில் விழுந்த மழைக்குள் போனது.

கதவைச் சாத்திவிட்டுத்
திரும்ப நிறுத்தோம், நானும் அவனும்.
பதினாறு தசம் மூன்று.
போன தவணையைவிட நூறு கிராம் குறைவு.
நூறு கிராம் என்பது
கடையில் மல்லித்தூள் கட்டித் தருகிற சின்னப் பை.
இந்த உடம்பில்
அதை எங்கேயிருந்து எடுத்தார்கள்?

சமையல் கொட்டிலில் அன்று முறை
ரஞ்சிதமலருக்கும் எமல்டாவுக்கும்.
பெயர் சொல்லவில்லை நான்.
தரம் இரண்டுக்கு முட்டையைப் பாதியாக வெட்டவேண்டாம் என்றேன்.
"கணக்கு இடிக்கும், டீச்சர்" என்றாள் எமல்டா.
என் முகத்தைப் பார்த்தாள்.
சோற்றுப் பானையைப் பார்த்தாள்.
பிறகு கத்தியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அதிபரிடம் போய், பட்டியல் ஒட்டவேண்டாம், சேர் என்றேன்.
"கல்விப் பணிமனையில கேட்டால்?"
"மான் தின்டிட்டுது எண்டு சொல்லுங்கோ."
அவர் சிரிக்கவில்லை.
ஆனால் பசைப் போத்தலை லாச்சிக்குள் வைத்துப்
பூட்டினார்.

பள்ளி விடும் நேரம் ஜெனுசன் எண்ணினான். பத்து.
திரும்ப எண்ணினான். பத்துத்தான்.
"பதினொண்டு, டீச்சர்.
அப்பாவுக்குத் தெரியும் எத்தினை எண்டு."

அவ்வளவுதான்.
வகுப்பு முழுக்க மேசைகளுக்கு அடியில்.
எதற்கு ஈயம் என்று யாருக்கும் தெரியாது,
தொலைந்தது என்று மட்டும் தெரியும்.
யோஜிதா தண்ணீர்ப் பைப்படியில் மண்ணைக் கிளறினாள்.
இருவர் குப்பைக்கூடையைக் கொட்டி
எனக்கு வேறு வேலை வைத்தார்கள்.
வாசலில் வான்காரர்
ஹோனில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

கடைசியில் கபிலாஷ் நிலத்தில் உட்கார்ந்து
சப்பாத்தைக் கழற்றி உதறினான்.
தொக்.

"காலமையில இருந்து குத்திச்சுது.
கல்லெண்டு நினைச்சன்" என்றான்.

விளையாட்டுப் பாடத்தில் ஓடியிருக்கிறான் அதோடு.
சாப்பாட்டு வரிசையிலும் நின்றிருக்கிறான்.

ஜெனுசன் அதை வாங்கிப் பொக்கற்றில் போட்டான்,
இரண்டு கையாலும் காற்சட்டையைப் பிடித்தான்,
மழைக்குள் ஓடினான்.
கபிலாஷ் ஒரு சப்பாத்தோடு
பின்னால்.