பின்பக்கச் சீட்டு

பாட்டிலின் முன்பக்கத்தில் பெயரும் பொன்வளையமும்.
பின்பக்கம் என் பொறுப்பு:
இரண்டு அங்குலத் தாளில் நாலு வரி.
எதோடு சேர்த்து இதைக் குடிக்கலாம் என்று
பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிப்பி. கறுப்பு மீன்முட்டை.
வெண்ணெயில் வாட்டிய சிங்கி இறால்.
இறாலையும் மீன்முட்டையையும் படத்தில் பார்த்ததோடு சரி.
சிப்பி ஒருமுறை, கம்பெனி விருந்தில்.
கடல் என் வாய்க்குள் தும்மியது போலிருந்தது.

சான்ட் சதுர்னியில் எங்கள் தெருவுக்கு அடியில்
பாட்டில்கள் தலைகீழாய் உறங்குகின்றன.
வீட்டுக்கு வருவது அவற்றில் தேறாதவை:
சீட்டு கோணியது,
ஒரு விரற்கடை குறைவாக நிரம்பியது.

அதற்குத் துணை
தக்காளி தேய்த்த ரொட்டி,
டப்பாவில் நெருக்கி அடைத்த மத்தி,
நேற்றைய உருளைக்கிழங்கு ஆம்லெட், நடுவில் இன்னும் கொஞ்சம் ஈரத்தோடு,
பெட்ரோல் பங்கில் வாங்கிய சிப்ஸ்.
உப்பைக் கண்டால் நுரைக்குக் குதூகலம்.
எண்ணெய் நாக்கில் பாய் விரித்துப் படுத்தால்
குமிழி போய்த் தட்டி எழுப்பும்.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
பசிதான் சொன்னது.

எவுடால்ட் லாரி ஓட்டுகிறவன்.
பெர்பின்யான் போய்த் திரும்ப இரவு ஒரு மணி ஆகும்.
பேசமாட்டான். ஷூவைக்கூடக் கழற்றாமல்
முட்டையை எண்ணெயில் உடைப்பான்,
ஓரம் முறுகிச் சரிகையாகும் வரை பார்த்துக்கொண்டு நிற்பான்.
ஒரே தட்டு.
நான் மஞ்சள் கருவில் ரொட்டியைக் குத்தும்போது
அவன் கார்க்கைத் திருகுவான், சத்தம் வராமல்.
சுவருக்கு அந்தப்புறம் ஒரு கைக்குழந்தை.

மார்ச்சில் எனக்கு ஜலதோஷம்.
புது ஒயினுக்கு வரி எங்கே என்று மூன்று போன்.
எழுதினேன்:
இரவு ஒரு மணிக்கு, பேசாத ஒருவர்
பொரித்துத் தரும் முட்டையோடு.
நக்கலுக்குத்தான்.
கீழேயே சரியான வரியையும் எழுதிவைத்தேன்,
சிப்பி, வேறென்ன.
அச்சகத்து ஃபெரியோல் மேல்வரியை எடுத்துக்கொண்டான்.

ஒயினின் பெயர் காவா.
நாக்கைக் காவாதவள் நான்.

ஆறாயிரம் பாட்டில்.
ஒட்டி முடிந்த பிறகுதான் ஒருத்தர் படித்தார்.
பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்!

முதலாளி கப்தவிலா கூப்பிட்டார்.
மேசைமேல் பாட்டில்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.
"முட்டையா?"
ஆமாம் என்றேன்.
"எந்த எண்ணெயில்?"
விழித்தேன்.
"ஆலிவ்தான் சார். புகை வருகிற அளவுக்குக் காய வேண்டும்."
ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். பிறகு,
எல்லாச் சீட்டையும் உரிக்கச் சொன்னார்.
அச்சுக் கூலி என் சம்பளத்தில்.
"இது ஒன்று மட்டும் இங்கேயே இருக்கட்டும்."

மூன்று நாள் வெந்நீர்த் தொட்டியில் கை வைத்து உரித்தோம்.
என் வாக்கியம் கூழாகி
நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்தது.
கணக்கில் நாலு பாட்டில் குறைந்தது.
யாரும் தேடவில்லை.
ஒன்று என் பையில்.

இரவு எவுடால்டிடம் நீட்டினேன்.
விளக்கருகே கொண்டுபோய்ப் படித்தான்.
திரும்பவும் படித்தான்.
"நான் பேசுவேனே" என்றான்,
மனசு சுருங்கிய குரலில்.

பிரிட்ஜைத் திறந்தால் முட்டை இல்லை.
சிப்ஸ் பாக்கெட்டின் அடியில் தூள்தான் மிச்சம்.
விரலை நனைத்து ஒற்றி ஒற்றித் தின்றோம்.
அவன் பேசினான்:
சுங்கச்சாவடியில் நின்ற வரிசை,
மலை இறக்கத்துப் பனிமூட்டம்,
வலது பின் டயரில் பத்து நாளாக ஒரு சத்தம்,
அது தனக்கு மட்டும் கேட்கிறதோ என்ற பயம்.

குவளையில் நுரை அடங்கிவிட்டது.
அதற்குப் பிறகும் குடித்தோம்.