விருப்ப வரிசை

ஏகாம்பரம் வீதியில் என் கடை.
போட்டோக்கொப்பி, லமினேட்டிங், ரீலோட்.
வருடத்தில் மூன்று கிழமை மட்டும்
பல்கலைக்கழக விண்ணப்பம்.
அந்த மூன்று கிழமையும் வாசலில்
செருப்புகள் ஆஸ்பத்திரியில் போலக் கிடக்கும்.

நிதர்சனாவும் ரிஸ்மியாவும்
ஒரே கதிரையில் பாதிப் பாதி இருந்தார்கள்.
ஒருத்தி சம்பூர். மற்றவள் கிண்ணியா.
மாவட்டத்தில் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
இசட் புள்ளியில்
நான்காம் தசமத்தில் நான்கு வித்தியாசம்.
ஒரு முழுக் கேள்வி கூட இல்லை அது.
பௌதிகவியல் தாளில் எங்கோ
அழித்துவிட்டு மறுபடி எழுதாத ஓர் அலகு.

பிறந்த இடம் என்றது திரை.
மட்டக்களப்பு, என்றாள் நிதர்சனா,
ஓடிப்போன வருடம் பிறந்தவள்.
நிரந்தர முகவரி சம்பூர்.
இடையில் கிளிவெட்டி முகாம்.
அதற்குப் பெட்டி இல்லை.
கிராம அலுவலரின் கடிதத்தை
ஸ்கேனரில் வைத்தேன்.
முத்திரையின் மை இன்னும் காயவில்லை,
கண்ணாடியில் ஒட்டியது.
அடுத்து வந்த ஏழெட்டுப் பேரின் சான்றிதழிலும்
அந்த ஊதா நிழல் விழுந்தது.

மருத்துவம் எதை முதலில் போட?
கொழும்பு.
இல்லை, பேராதனை.
இல்லையில்லை, மட்டக்களப்பு, பஸ்ஸில் வந்து போகலாம்.
ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குறியீட்டு எண்,
தட்டிக்கொண்டே போனேன்.
கடைசியில் சித்த மருத்துவம் சேர்க்கவா என்றேன்.
கோணேசபுரி, கிட்டத்தான்.
போடுங்கோ அண்ணா, என்றாள் நிதர்சனா.
ரிஸ்மியா திரையைப் பார்க்கவில்லை.
அவள் கசக்கி வெளியே எறிந்த கணக்குத் தாளை
ஒரு புள்ளிமான் மென்றுகொண்டிருந்தது.
கோட்டைப் பக்கமிருந்து தினமும் வரும்.
பேப்பர் என்றால் விடாது.

இருவருக்கும் தெரியும்.
போன முறை பட்டியல்
முப்பத்தொன்றோடு நின்றதென்று ஒரு பேச்சு.
அதைப்பற்றி ஒரு சொல் இல்லை.
ஒரு நெக்டோ வாங்கி
இரண்டு ஸ்ட்ரோ போட்டுக் குடித்தார்கள்.

மாலை, ரிஸ்மியாவின் வாப்பா வந்தார்.
சீனக்குடா மா ஆலையில் வேலை.
புருவத்தில் வெள்ளை.
சிட்டையை மடித்துப் பையில் வைத்தார்,
எடுத்தார், மறுபடி வைத்தார்.
"தம்பி, அந்தப் பிள்ளைக்குக் கெடச்சா
நம்மட புள்ளைக்கு இல்லையா?"
கணக்கு அப்படித்தான், என்றேன்.
மின்விசிறி சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
படியிறங்கியவர் திரும்பி வந்தார்.
"நான் இதக் கேட்டன் எண்டு
மகள்ட்ட சொல்லிராதீங்க."

என் கதையும் இருக்கிறது, சின்னது.
மூன்று தரம் எழுதினேன்.
எனக்கு மேலே நின்றவள்
இன்று பொது வைத்தியசாலையில் டொக்டர்.
காய்ச்சலென்றால் அவளிடம்தான் போவேன்.
அவளுடைய எழுத்து எவனுக்கும் விளங்காது.
மருந்துக்கடைக்குப் போகும் வழியெல்லாம்
வாசிக்கப் பார்ப்பேன்.

இரவு பன்னிரண்டு வரை திருத்தலாம்.
பதினொன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
சீஆர் கொப்பியில்
எல்லாருடைய கடவுச்சொல்லும் என் கையெழுத்தில்.
மறந்துவிட்டதென்று வருவார்கள், அதனால் எழுதிவைப்பது.
நிதர்சனாவுடையது அவளுடைய பரீட்சைச் சுட்டெண்.
ரிஸ்மியாவுடையது
நிதர்சனா என்ற பெயர்,
பின்னால் இரண்டு பூச்சியம்.

ஒரு குறியீட்டை அழித்தால்,
ஒன்றைக் கீழே இறக்கினால்,
யாருக்கும் தெரியாது.
செய்வேனென்று நினைக்கவில்லை.
ஆனால் பக்கம் திறந்திருந்தது,
விரல் விசைப்பலகையில் இருந்தது,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியேறு என்பதை இரண்டு தரம் அழுத்தினேன்.
கொப்பியில் அந்தத் தாளைக் கிழித்தேன்.
மான் ஷட்டருக்குக் கீழே
தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

நாளைக்கு நிலாவெளிப் பொடியன் வந்து கத்துவான்.
அவனுடையதும் அதே பக்கத்தில்தான்.