கழித்தல் ஆறு

ஃபாரோ தீவில், கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே
என் வாடகை வீடு.
எண்ணெய்த் தொட்டி ஐந்நூறு லிட்டர்.
"நிரப்பித்தான் தந்தேன்,
போகும்போது நிரப்பித்தான் தர வேண்டும்"
என்கிறார் ட்ரோண்டுர்.

குடிவந்த அன்று மழை. பெட்டிகள்.
யார் போய்த் தொட்டியை அளப்பது?

மூன்றாம் நாள் அளந்தேன்: நானூற்றுப் பத்து.
ஏழாம் நாள்: முந்நூற்று எழுபது.
நாளுக்குப் பத்து எரிகிறது.

மீன்கடை ரசீதின் பின்புறம்
நாட்களுக்கு ஒரு படுக்கைக் கோடு,
எண்ணெய்க்கு ஒரு நிமிர்ந்த கோடு.
இரண்டு புள்ளிகள் மேல் ஸ்கேலை வைத்து
இடப்பக்கம் இழுத்தேன்,
யாரும் அளக்காத அந்த மழைநாள் வரை.
நாளுக்குப் பூஜ்ஜியம் போட்டதும்
பெருக்கல் உதிர்ந்துவிட்டது.
மிஞ்சியது நானூற்று நாற்பது,
நிமிர்ந்த கோட்டில் பென்சில் குத்திய இடம்.

"அறுபது இடிக்கிறதே" என்றேன்.

ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
காட் மீன் விலையைக்கூடப் படித்தார்.
பிறகு ஸ்கேலைத் தானே பிடித்து
அச்சைத் தாண்டிக் கோட்டை நீட்டினார்.
காகிதம் தீர்ந்தது.
மேசைவிரிப்பில் ஏறிப் போனது பென்சில்.
ஐந்நூறைத் தொட்டபோது
கழித்தல் ஆறு.

நான் வருவதற்கு ஆறு நாள் முன்பு.

"சரிதான்" என்றார் ஜன்னலைப் பார்த்து.
"பியோர்க்கோடு பேச்சு அறுந்த வாரம்.
இங்கேதான் படுத்திருந்தேன்.
நல்ல குளிர்."

காபி ஊற்றினேன்.
நானூற்று நாற்பது போதும் என்றார்.
ரசீதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்,
என் மீன் கணக்கோடு சேர்த்து.

துடைத்துப் பார்த்தேன்,
மேசைவிரிப்பில் அந்த ஆறு மட்டும்
போகமாட்டேன் என்கிறது.